"எல்லாம் வந்திட்டுது ரீச்சர்" என்றார்கள்: 18,500 ரூபா கொடுத்து ஏமாந்த கதை

திருகோணமலையில் யாராவது பழைய கொம்பியூட்டரிலிருந்து புதியதுக்கு மெயில் மாற்றக் கடைக்குக் கொடுக்க நினைத்தால், தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் போங்கள். நேற்றுப் பின்னேரம்தான் கடைசித் தடவையாக அந்தக் கடைப் படியிறங்கி வந்தேன். இன்னும் கை நடுங்குகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், முப்பது வருடம் பிள்ளைகளின் பிழை திருத்தியவள்தான் கேட்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. லப்டொப் விற்று, திருத்தியும் கொடுக்கிற, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடை, அவ்வளவுதான். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது விண்டோஸ் 7 போட்ட மேசைக் கொம்பியூட்டர், 2010 இல் மகள் வாங்கித் தந்தது. மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7 ஐக் கைவிட்டது. அதில் குரோமும் 109 ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஒவ்வொரு பக்கமாகத் திறக்க மறுக்கத் தொடங்க, சரி, இனி இழுக்க முடியாது என்று புதிய லப்டொப் வாங்கப் போனேன்.

பழையதில் அவுட்லுக் 2007 இருந்தது. அதற்குள் கனடா ஸ்காபரோவில் இருந்த மாமா 2010 தொடக்கம் 2016 வரை எனக்கு எழுதிய மெயில்கள். 2017 இல் அவர் போய்ச் சேர்ந்தார். யுனிகோட் பழகுங்கோ மாமா என்று எத்தனையோ தரம் சொல்லியும் கேட்காமல் கடைசிவரை பாமினியில்தான் தட்டினார். பாமினி தெரியாத இளசுகளுக்குச் சொல்கிறேன்: அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை போலத் தெரியும். எழுத்துருவைப் போட்டால் அதே குப்பை "அன்பு மருமகளுக்கு" என்று தமிழாக எழும்பும்.

அதிலே எங்கள் சம்பூர்க் காணி உறுதியின் ஸ்கேனும் இருந்தது. மூல உறுதி 2006 இடம்பெயர்வில் போய்விட்டது. மாமா தன்னிடம் இருந்த போட்டோக் கொப்பியை ஸ்கேன் பண்ணி அனுப்பி, எந்தப் பக்கம் யாருடைய காணி, வேலி எதிலே திரும்புகிறது, கிணற்றிலிருந்து புளியமரத்துக்கு எத்தனை பாகம் என்று ஒரு முழு மெயில் எழுதியிருந்தார். உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுக்கலாம். புளியமரத்தை எந்தப் பதிவகத்தில் எடுப்பது? அச்சடித்து வைத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள், அதை நானே தினமும் கேட்கிறேன்.

நம்பின இடத்துக்கு வருகிறேன். கவுண்டரில் நின்ற தம்பி என்னைக் கண்டதும் எழும்பி, "ரீச்சர், என்னைத் தெரியேல்லையோ? ஒன்பதாம் ஆண்டில நீங்கள்தான் எனக்குப் புவியியல் படிப்பிச்சனீங்கள்" என்றான். உற்றுப் பார்த்தேன், ஓம், அவன்தான். மகாவலியைக் கொட்டியாரக் குடாவில் விழுத்தாமல் மட்டக்களப்பு வாவியில் கொண்டுபோய் விட்ட பிள்ளை. கதிரை இழுத்துப் போட்டான், பிளேன்ரீ எடுப்பித்தான். எனக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. அந்த ஒரு பிளேன்ரீதான் எனக்கு 18,500 ரூபா.

மெயில்தான் எனக்கு முக்கியம் தம்பி, லப்டொப் இரண்டாம் பட்சம் என்று தெளிவாகச் சொன்னேன். பாமினி விஷயத்தையும் சொன்னேன். "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர், தெரியும்" என்று தலையாட்டினான். மெயில், ஃபைல் எல்லாம் மாற்ற 6,000. "விண்டோஸ் 11 ஓட சும்மா வாற அவுட்லுக்கில உங்கட பழைய மெயில் ஒழுங்கா வராது, அசல் லைசென்ஸ் போடவேணும்" என்று அதற்கு 12,500. லப்டொப்பின் விலைக்கு மேலே, மொத்தம் 18,500 ரூபா. இலவசமாக வரும் அவுட்லுக்கும் ஆபிஸோடு வரும் அவுட்லுக்கும் ஒன்றல்ல என்பது உண்மைதான், அதனால்தான் நானும் மறுபேச்சுப் பேசவில்லை. பிறகு, "பழைய பெட்டியை வீட்டில வச்சு என்ன செய்யப்போறீங்கள், நாங்கள் எடுத்து 4,000 கழிச்சு விடுறம்" என்றான். அதற்கும் சரி என்றேன்.

மூன்றாம் நாள் லப்டொப்பைத் திறந்து காட்டினான். மகள் அனுப்பியது, பென்சன் விஷயம், எல்லாம் வரிசையாக நின்றன. பழையதும் வந்ததா என்று கேட்டேன். இரண்டு தரம் கேட்டேன். "எல்லாம் வந்திட்டுது ரீச்சர். பழசு இறங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், வீட்டை போய் வைஃபையில விடுங்கோ." இரவிரவாக விட்டேன். மறுநாளும் விட்டேன். 2016 ஐக் காணவில்லை, 2010 ஐயும் காணவில்லை.

கொழும்பில் இருக்கும் பெறாமகனுக்கு எடுத்தேன். அவன் போனிலேயே இதைத் திற, அதைத் திற என்று பார்க்கவைத்து, கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரியம்மா, அவங்கள் பிஎஸ்டி ஃபைலை எடுக்கவே இல்லை" என்றான். அவுட்லுக் 2007 மெயிலை எல்லாம் பிஎஸ்டி என்று முடிகிற ஒரு கோப்பில் கட்டி வைக்குமாம். விண்டோஸ் 7 இல் அது டொக்கியுமென்ட்ஸில் இராது, ஆப்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் ஆழத்தில் கிடக்கும். அந்த ஃபோல்டரை விண்டோஸ் மறைத்தே வைத்திருக்கும். அவுட்லுக் பழையவற்றை ஆர்க்கைவ் பண்ணியிருந்தால் இன்னொரு பிஎஸ்டியும் அங்கேயே இருக்கும். இவர்கள் கண்ணுக்குத் தெரிந்த டொக்கியுமென்ட்ஸையும் படங்களையும் கொப்பி பண்ணிவிட்டு, என் ஜிமெயில் கணக்கை அவுட்லுக்கில் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். நான் கடையில் பார்த்தது கூகிளில் இருந்ததை. மாமா எழுதியதோ இணைய இணைப்போடு வந்த பழைய முகவரிக்கு. அது பொப் முறை, மெயில் வீட்டுக் கொம்பியூட்டரில் இறங்கியதும் சேர்வரிலிருந்து அழிந்துவிடும்படி வைத்திருந்தது. ஆக உலகத்தில் அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. ஒரு பென் டிரைவில் அடங்குகிற கோப்பு, பெரியம்மா, ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரத்து வேலை என்றான். பிளேன்ரீ கதை அவனுக்குத் தெரியாது.

உடனே கடைக்கு ஓடினேன். ஓனர் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போய்விட்டாராம். போன் எடுத்தால், "வேலையில நிக்கிறன் ரீச்சர், பின்னேரம் எடுக்கிறன்." எந்தப் பின்னேரம் என்று சொல்லவில்லை. வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. அடுத்த கிழமை போனபோது கரண்ட் இல்லை, பிறகு வாங்கோ. ஒருநாள் ஓனர் வரும்வரை வாசலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். தெருவில் மேய்ந்த மான் ஒன்று வந்து என் பையை மோந்து பார்த்துவிட்டுப் போனது. அந்தக் கடையில் என்னை விசாரித்தது அது மட்டும்தான்.

இதற்கிடையில் பதினோராம் நாள் அவுட்லுக்கின் தலையில் சிவப்புப் பட்டை வந்தது, லைசென்ஸ் செல்லாது என்று. அசல் என்று 12,500 வாங்கியது களவு.

நேற்று ஓனர் அகப்பட்டார். "ரீச்சர்" போய் "அம்மா" ஆகிவிட்டேன். "அம்மா, உங்கட மெயில் எல்லாம் கூகிள்ல இருக்குத்தானே." இல்லை என்று விளக்கினேன். உள்ளேயிருந்து என் மாணவன், "பழைய அவுட்லுக்கைத் திறந்து பாத்தனாங்கள், அதில கிடந்தது எல்லாம் இங்கிலீசில ஏதோ கிறுக்கல், ஸ்பாம் மெயில்" என்றான். ஸ்பாம்! என் மாமா ஸ்பாம். திறந்து பார்த்திருக்கிறான், கண்டிருக்கிறான், நான் சொன்ன பாமினி என்று ஒருக்கால் யோசிக்கவில்லை. பெட்டி எங்கே என்று கேட்டேன். போர்மட் பண்ணி, விண்டோஸ் 10 போட்டு, கிண்ணியாப் பக்கம் ஒரு பிள்ளைக்கு விற்றாயிற்றாம். யாருக்கென்று சொல்லமாட்டார்களாம், அது வாடிக்கையாளரின் தனிப்பட்ட விபரமாம். என் மெயிலும் என் படங்களும் இருந்த டிஸ்க் யாருடைய தனிப்பட்ட விபரம்? பணத்தையாவது தாருங்கள் என்றேன். பில்லைக் காட்டச் சொன்னார். கையால் எழுதிய துண்டு, கடை முத்திரை இல்லை, "சேர்விஸ் 18,500" என்று மட்டும் கிடக்கிறது. "இதில மெயில் எண்டு எங்கயம்மா இருக்கு?"

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனம் ஓடவில்லை. மாற்றி ஒரு மாதம் போகும்வரை பழைய பெட்டியைக் கொடுக்காதீர்கள், கொடுத்தாலும் ஹாட் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வையுங்கள். கடையில் காட்டும்போது இன்ரநெட்டை நிறுத்தச் சொல்லி, உங்களிடம் உள்ள மிகப் பழைய மெயிலைத் திறக்கச் சொல்லுங்கள். பில்லில் என்ன வேலை என்று எழுத வையுங்கள். பாமினி மெயில் வைத்திருப்பவர்கள் எழுத்துருவையும் கூட எடுத்துவையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற போன் இலக்கத்தில் முறையிடலாம், நாளை காலை எடுக்கப்போகிறேன்.

இன்னொன்று. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் யாராவது அண்மையில் பாவித்த மேசைக் கொம்பியூட்டர் வாங்கியிருந்தால் பாருங்கள்: கறுப்புப் பெட்டி, முன்பக்கம் பிள்ளையார் ஸ்டிக்கர் உரித்த வெள்ளை அடையாளம், சிடி தட்டு பாதியில் நிற்கும். அதுவென்றால் தயவுசெய்து மேலே ஒன்றும் புதிதாக ஏற்றாமல் எனக்குத் தெரியப்படுத்துங்கள். எழுதப்படாத இடத்திலிருந்து கொஞ்சமாவது மீட்கப் பார்க்கலாம் என்று பெறாமகன் சொல்கிறான். உங்களுக்குப் புது ஹாட் டிஸ்க் வாங்கித் தருகிறேன், பழையதை மட்டும் தாருங்கள்.