கொலனோஸ்கோபியில் நீல ஒளியும் பச்சைக் கட்டமும்: என் அனுபவம்

தஞ்சாவூரில், கேமரா பொருத்திய குழாயை (ஸ்கோப்) விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோபி அறையிலேயே என் பகல் போகிறது. குறிப்பிட்ட நிற ஒளியில் மட்டும் பார்க்கும் நேரோ பேண்ட் இமேஜிங் வசதி உள்ள ஸ்கோப்பைப் பல வருஷமாகப் பிடிக்கிறேன். குடல் சுவரில் வளரும் சிறு சதையான பாலிப்பைத் திரையில் கட்டம் போட்டுக் காட்டும் ஏ.ஐ. பெட்டி பிறகு வந்து சேர்ந்தது. பெட்டியை வாங்கலாமா என்று கேட்கும் டாக்டர்களுக்காக எழுதுகிறேன்.

ஸ்கோப்பில் அந்த வசதிக்கான பட்டனை அமுக்கினால் வெள்ளை ஒளி போய், 415, 540 நானோமீட்டரை ஒட்டிய நீலமும் பச்சையும் மட்டும் குடல் சுவரில் விழும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் இந்த இரண்டையும் நன்றாக உறிஞ்சுவதால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கரும்பழுப்பாக எடுப்பாய்த் தெரியும். பின்னாளில் புற்றாக மாறக்கூடிய அடினோமா பாலிப்பில் குழாய்கள் அடர்த்தி, அதனால் பழுப்பேறியிருக்கும். பெரும்பாலும் ஆபத்தில்லாத ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் வெளிறியோ பக்கத்துத் திசுவின் நிறத்திலோ கிடக்கும். எனக்கு இந்தப் பட்டன் தேடுவதைவிட, கண்ணில் பட்டதை இன்ன வகை என்று முடிவு செய்யத்தான் அதிகம் கைகொடுக்கிறது. பழைய மாடல்களில் வெளிச்சம் போதாமல் இருட்டடிக்கும். புதியவற்றில் அந்தத் தொல்லை இல்லை.

குடல் சுத்தமில்லை என்றால் கதை வேறு. வெள்ளை ஒளியில் மஞ்சளாக இருக்கும் பித்தநீர் இந்த ஒளியில் ரத்தம் போலச் சிவந்து தெரியும். புதிதாக வரும் நர்ஸ் பதறிவிடுவார்.

ஏ.ஐ. பெட்டிக்கும் குடல் சுத்தமாக இருக்க வேண்டும். அது உதவாமல் இல்லை. 2019-ல் வெளியான சீன ஆய்வில், ஏ.ஐ. துணையோடு பார்த்தபோது அடினோமா கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளின் விகிதம் 20.3 சதவீதத்திலிருந்து 29.1 சதவீதமாக உயர்ந்தது. கூடுதலாகக் கிடைத்தவை பெரும்பாலும் மிகச் சிறியவை. என் கண் திரையின் ஒரு மூலையில் இருக்கும்போது மறு மூலையில் பச்சைக் கட்டம் விழுந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நுரைக்கும் கட்டம் போடும், தக்காளி விதைக்கும் போடும். கழுவும் தண்ணீரில் நுரையடக்கும் மருந்தான சிமெத்திகோன் கலந்த பிறகு நுரை அலாரம் வெகுவாகக் குறைந்தது. மடிப்புக்குப் பின்னால் இருப்பதும் மலப்படலத்துக்கு அடியில் இருப்பதும் கேமராவுக்கே தெரியாதபோது பெட்டி என்ன செய்யும்?

நம் ஊரில் உண்மையான சிக்கல் பஸ்ஸில் இருக்கிறது. குடலைச் சுத்தமாக்கும் பேதி மருந்தில் பாதியை முதல் நாள் இரவும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிக்க வேண்டும். வேதாரண்யத்திலிருந்து வந்த ஓர் அம்மா, “காலைல குடிச்சிட்டு எப்படிங்க டாக்டர் பஸ் ஏறுறது? நடுவுல இறங்கவா முடியும்?” என்றார். நியாயம்தானே! அவருடைய வலப்பக்கப் பெருங்குடல் முழுக்கப் பச்சையும் பழுப்புமாக ஒரு படலம். தட்டையான பாலிப்புகள் பதுங்குவது அந்தப் பக்கத்தில்தான்.

அதன்பிறகு தூரத்து ஊர்க்காரர்களுக்கு மதியம் நேரம் கொடுத்தோம். இரண்டாவது பாதியை இங்கேயே வந்து, கழிப்பறை பக்கத்திலுள்ள அறையில் குடிக்கிறார்கள். கீரை, கொய்யா, தக்காளியை முன்பே நிறுத்தச் சொல்லிவிடுகிறோம். இப்போது வலப்பக்கம் இளஞ்சிவப்பாக, குழாய்கள் தெளிவாகத் தெரிகின்றன.

ஆகவே காசு குறைவென்றால் நல்ல ஹெச்.டி. ஸ்கோப் முதலில், கூடுதல் கழிப்பறை அடுத்து, பெட்டி மூன்றாவது. ஸ்கோப்பை வெளியே இழுக்கும் நேரத்துக்கு குறைந்தது 6 நிமிஷம் என்பது பழைய அளவு. 2024-ல் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் 8 ஆக்கிவிட்டன. பெட்டி இருக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். டெமோ கேட்டால் கம்பெனி வீடியோவோடு நிறுத்திக்கொள்ளாமல், உங்கள் நோயாளிகளிடமே சில நாள் ஓட்டிப் பார்த்து, பொய் அலாரம் எவ்வளவு என்று கவனித்துவிட்டு விலை பேசுங்கள்.