டர்பன் மசாலாப் பெயருக்கு எது காவல்: அரிப்போவா, ஓஏபிஐயா?

டர்பன் விக்டோரியா தெருச் சந்தையில் பேர் வாங்கிய நம்மவர் மசாலாத் தூள் எல்லை தாண்டிப் போனால், பெயரையும் வணிகக் குறியாகப் பதிந்து காக்க வேண்டும். தென்னாப்பிரிக்கப் பதிவு தென்னாப்பிரிக்காவுக்குள் மட்டுமே செல்லும். பல ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சேர்த்துப் பெயரைப் பதியும் வட்டார அமைப்புகள் அரிப்போ (ARIPO), ஓஏபிஐ (OAPI) என்ற இரண்டு. நம் நாடு இரண்டிலும் உறுப்பினர் இல்லை. ஆனாலும் முகவர் மூலம் இரண்டிலும் விண்ணப்பிக்கலாம்.

ஜிம்பாப்வேயின் ஹராரேயில் உள்ள அரிப்போவில், வணிகக் குறிகளுக்கான 1993இன் பாஞ்சூல் உடன்படிக்கைப்படி, ஒரே விண்ணப்பத்தில் வேண்டிய நாடுகளை மட்டும் குறிக்கலாம். நமீபியா, போட்ஸ்வானா, மொசாம்பிக் எல்லாம் உண்டு. ஒரு நாடு மறுத்தாலும் மற்றவற்றில் உரிமை நிற்கும். சிக்கல் வேறு இடத்தில்: சில நாடுகள் உடன்படிக்கையை இன்னும் தம் சட்டத்தில் சேர்க்கவில்லை. அங்கே போலிச் சரக்கின் மேல் வழக்குப் போட்டால் அரிப்போ சான்றிதழ் எடுபடுமா என்பது சந்தேகமே. கென்யாவும் சாம்பியாவும் அரிப்போ உறுப்பினர்கள்தான், ஆனால் பாஞ்சூல் உடன்படிக்கையில் இல்லை. வியாபாரிகள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது.

கேமரூனின் யவுண்டேயில் உள்ள ஓஏபிஐயில் ஒரே பதிவு அதன் 17 உறுப்பு நாடுகளிலும் செல்லும். பெரும்பாலும் பிரெஞ்சு புழங்கும் நாடுகள். ரத்தானால் 17இலும் ரத்து.

லாரி நமீபியாவின் விண்ட்ஹுக், மொசாம்பிக்கின் மபூட்டோ போகிறதென்றால் நான் அரிப்போவையே சொல்வேன். முக்கியச் சந்தையில் அந்நாட்டுப் பதிவையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். செனகலின் டாக்கர், ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் என்றால் ஓஏபிஐதான். அங்கே தனிநாட்டுப் பதிவே கிடையாது.