‘நூறு சதவீத ராயல்டி’யில் எனக்கு வந்ததும் வராததும்: ஒரு மைக் செட்காரனின் மதிப்புரை

வலங்கைமானில் மைக் செட் வைத்திருக்கிறேன். அம்மன் பாட்டும் எழுதுவேன். பாட்டை வாங்கி ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், யூடியூப் மியூசிக் போன்ற இடங்களில் ஏற்றிவிட்டு, அங்கே சேரும் காசை நம்மிடம் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் சில இருக்கின்றன. அதில் ஒன்றில் வருஷச் சந்தா கட்டியிருக்கிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை, சண்டை போடுவது என் நோக்கமில்லை. எதில் சேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. மதிப்பெண் என்றால் ஐந்துக்கு மூன்று.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டு ஏற்றுவது சுலபம். கும்பகோணம் ஸ்டூடியோவில் கொடுத்த ஃபைலும் சதுரமாக ஒரு அம்மன் படமும் இருந்தால் போதும், சில நாளில் எல்லாக் கடையிலும் (ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களைத்தான் கடை என்கிறேன்) பாட்டு வந்துவிடுகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் ஒலிப்பதிவை அடையாளம் காட்ட ஐஎஸ்ஆர்சி என்று பன்னிரண்டு எழுத்தில் ஒரு எண் தருகிறார்கள். கணக்குப் பட்டியலும் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது: எந்தப் பாட்டு, எந்தக் கடை, எந்த நாடு, எத்தனை தடவை, எவ்வளவு காசு என்று வரிசை வரிசையாக வரும். பாதி வரிசைகளில் தொகை 0.00 என்று ஆரம்பித்து அதற்கப்புறம்தான் உயிரோடு ஏதாவது எண் தெரியும். ஆனாலும் ஆடி மாதக் கணக்கில் மலேசியா, சிங்கப்பூர் என்று வரிசைகள் நீளும்போது மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. இங்கே படித்துறையில் உட்கார்ந்து எழுதியதை யாரோ ஈப்போவில் கேட்டிருக்கிறார்!

தகராறு எங்கே வந்தது என்றால், விளம்பரத்தில் இருந்த ‘100% ராயல்டி உங்களுக்கே’ என்ற வரியில்.

எனக்கு மெட்டுப் போடுவது அக்கா மகன். கீபோர்டு வாசிப்பான், பாபநாசத்தில் கடை வைத்திருக்கிறான். ஒரு நாள் போனை வைத்துக்கொண்டு கேட்டான்: “மாமா, எழுதியது நீங்க, மெட்டு நீங்க, பாடினதும் நீங்கன்னு போட்டிருக்கு. அப்ப நான் யாரு?”

பார்த்தால் உண்மைதான். நாங்கள் பூர்த்தி செய்த படிவத்தில் அவன் பெயரை இசையமைப்பாளர் கட்டத்தில் போட்டிருந்தோம். கடைகளுக்குப் போன பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் கணக்கு வைத்திருக்கிறவர் பெயரே ஒட்டிக்கொண்டிருந்தது. புகார் அனுப்பினால் ஆங்கிலத்தில் பணிவான பதில் வரும், வேலை நடக்காது. பல தடவை எழுதிய பிறகுதான் திருத்தினார்கள். அப்போதும் அவன் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒரு பாட்டில் ஒரு மாதிரியும் அடுத்த பாட்டில் வேறு மாதிரியும் நின்றன. காசு பெயரைத் தேடித்தான் வரும் என்கிற தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. என் மதிப்பெண்ணில் ஒன்று இதற்காகவே போனது.

இன்னொன்று போனதற்குக் காரணம் அந்த நூறு சதவீதம். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று, ஸ்டூடியோவில் பதிந்த ஒலிப்பதிவு. அது காசு போட்டுத் தயாரித்தவருடையது. மற்றது, பாட்டின் வரிகளும் மெட்டும். அது எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உரியது, அல்லது அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தால், உரிமையை வாங்கி நிர்வகிக்கும் பப்ளிஷருக்கு. நான் சந்தா கட்டும் கம்பெனி வசூலிப்பது முதல் சொத்தின் காசை. அதில் நூறு சதவீதம் தருகிறார்கள், பொய் இல்லை. இரண்டாவது சொத்தின் காசு வேறு வாய்க்காலில் போகிறது, அந்த மடை எங்கே இருக்கிறது என்று அவர்கள் சொல்வதில்லை. கேட்டதும், கூடுதல் கட்டணம் கட்டினால் பப்ளிஷிங் சேவை உண்டு, அதில் கமிஷன் தனி என்று பதில் வந்தது.

கட்டவில்லை. காரணம், நம் நாட்டில் அந்த வேலைக்கென்றே ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. 1969-இல் மும்பையில் ஆரம்பித்தது. பாடலாசிரியர், இசையமைப்பாளர், பப்ளிஷர் மூன்று பேரும் அதில் உறுப்பினராகலாம். டிவி, ஓட்டல், மேடைக் கச்சேரி, ஸ்ட்ரீமிங் கம்பெனி என்று பாட்டைப் பயன்படுத்துகிறவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்து, வசூலானதை உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தருகிறது. வழக்கமான பிரிவு இது: பப்ளிஷருக்குப் பாதி, மீதியில் எழுதியவருக்குக் கால் பங்கு, மெட்டுப் போட்டவருக்குக் கால் பங்கு. உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்காதவர்கள் அந்த முதல் பாதி யார் பெயரில் நிற்கிறது என்று பாட்டைப் பதியும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சேரும்போது உரிமையை அவர்களிடம் ஒப்படைத்து ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் அங்கேயும் சேர்ந்து, வெளிநாட்டுக் கம்பெனியின் பப்ளிஷிங் திட்டத்துக்கும் காசு கட்டுவது வம்பு. ஒரே வயலை இரண்டு பேருக்குக் குத்தகை விட முடியாது.

சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். உறுப்பினருக்கு ஐபிஐ என்று ஒரு எண் வரும். பெயரை ஆங்கிலத்தில் யார் எப்படிக் கோணலாக எழுதினாலும் ஆளைக் கண்டுபிடிக்க அந்த எண் இருக்கிறது. அக்கா மகனை முதலில் அதைத்தான் வாங்க வைத்தேன்.

இதற்கெல்லாம் தெம்பு கொடுத்தது 2012-இல் வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம். பாட்டின் உரிமையையே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும், ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை எழுத்தாளரும் இசையமைப்பாளரும் விட்டுக்கொடுக்க முடியாது. சினிமாப் பாட்டுக்கு ஒரே விலக்கு, தியேட்டரில் படத்தோடு ஓடும்போது அந்தப் பங்கு கிடையாது. சினிமாவில் சேராத, எங்களைப் போன்றவர்களின் தனிப் பாட்டுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. எஃப்எம் ரேடியோக்காரர்கள் எழுதியவர்களுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று நெடுநாள் வழக்கு நடந்தது. 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் எழுதியவர்கள் பக்கம் இடைக்கால உத்தரவு போட்டது.

சரி, அப்போ ஊரெல்லாம் என் பாட்டு ஓடுகிறதே, அதற்கு? பங்குனியில் பாடைக் காவடித் திருவிழா சமயம் வலங்கைமானுக்கு வந்தால் தெரியும். குழாய் ஸ்பீக்கர் கட்டாத மரம் இருக்காது. ஆடி வெள்ளி, கஞ்சி வார்ப்பு, தீமிதி என்று மன்னார்குடி வரைக்கும் விடியற்காலையிலேயே பென்டிரைவில் என் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். இதற்குக் காசு வராது. சட்டத்தின் 52-ஆம் பிரிவிலேயே, உண்மையான மதச் சடங்கில் பாட்டைப் பாடினாலும் ஒலிபரப்பினாலும் உரிமை மீறல் இல்லை என்று இருக்கிறது. கல்யாண ஊர்வலத்தையும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களையும் அதிலேயே சேர்த்திருக்கிறார்கள். எழுதுகிறவனாகப் பார்த்தால் எனக்கு இது நஷ்டம், மைக் செட்காரனாகப் பார்த்தால் லாபம். இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டு நான் சும்மா இருந்துவிடுகிறேன். ஆனால் துணிக்கடையிலும் ஓட்டலிலும் காலை முதல் இரவு வரை பாட்டுப் போடுகிறார்களே, அது சடங்கு இல்லை. அங்கே லைசென்ஸ் வேண்டும். ஒலிப்பதிவுக்கு ஒன்று, வரிக்கும் மெட்டுக்கும் இன்னொன்று. நம் பக்கம் எத்தனை கடைக்காரர்களுக்கு இது தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள், அவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள்.

கர்நாடக சங்கீதக்காரர்களும் இதைக் கவனிக்கலாம். திருவையாற்று ஆராதனையில் பாடும் தியாகராஜர் கிருதிகளுக்கு யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை, அவர் மறைந்தது 1847-இல். பாபநாசம் சிவன் கதை வேறு. 1973-இல் காலமானார். எழுதியவர் மறைந்த வருஷத்துக்குப் பிறகு 60 வருஷம் என்பது கணக்கு, ஆக 2033 முடியும்வரை அவர் பாட்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. பழைய பாட்டுதானே என்று நினைத்து ஏற்றிவிட்டு, கம்பெனி கேட்கும் ‘இது பொதுச் சொத்தா’ கட்டத்தில் டிக் போட்டுவிடாதீர்கள்.

கேசட் காலத்தில் எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னிடமும் 2001-இல் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்ட முத்திரைத்தாள் இருக்கிறது. ‘சகல உரிமைகளும்’ என்று இருந்ததே தவிர, எத்தனை வருஷத்துக்கு என்று ஒரு எழுத்து இல்லை. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான் என்கிறது சட்டத்தின் 19-ஆம் பிரிவு. வக்கீலிடம் காட்டி உறுதி செய்துகொண்டேன். ஆனால் அந்தக் கேசட்டின் ஒலிப்பதிவு அவர்களுடையது, அதைத் தூக்கி ஏற்ற முடியாது. அதனால்தான் கும்பகோணத்தில் புதிதாகப் பாடவைத்துப் பதிந்தேன்.

சந்தா கட்டும் முன் இன்னும் சில விஷயங்கள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவையாவது ஓடியிருந்தால்தான் அதன் ஒலிப்பதிவுக்குக் காசு. நம் ஊர்த் தெய்வப் பாட்டுகளில் பல இந்தக் கோட்டைத் தாண்டாது. இருபது பாட்டை ஒரேயடியாக ஏற்றுவதைவிட, திருவிழாவை ஒட்டி இரண்டு பாட்டை ஏற்றி நாலு பேரிடம் சொல்வது மேல். அமெரிக்கக் கம்பெனி என்றால் வரிப் படிவம் ஒன்று கேட்பார்கள், அதைச் சோம்பல்படாமல் நிரப்புங்கள். இல்லையென்றால் அமெரிக்காவில் கேட்ட காசில் 30 சதவீதம் வரியாகவே போய்விடலாம். குறைந்தபட்சத் தொகை சேராமல் பணத்தை எடுக்க முடியாது என்பதும் உண்டு.

கடைசியாக, நிபந்தனைகளில் கீழே சின்ன எழுத்தில் இருப்பது: சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் பாட்டுகளை எல்லாக் கடையிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். என் கம்பெனியில் இப்படித்தான். ஒரே தடவை காசு கட்டினால் நிரந்தரமாக வைக்கும் திட்டமும் சில இடங்களில் உண்டு, வருமானத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று பாட்டு மட்டும் எழுதுகிறவர்களுக்கு அது தேவலாம். நான் இந்த வருஷமும் புதுப்பித்துவிட்டேன். தை பிறந்ததும் பங்குனிப் பாட்டுகளை ஏற்ற வேண்டும், அந்த நேரத்தில் கம்பெனி மாற்றி ஐஎஸ்ஆர்சி எண்களையெல்லாம் தூக்கிக்கொண்டு போவது முடியாத காரியம்.