ஆறாவது ஆண்டில் என் கற்றி சார்க்: பாய்க்கப்பல் மாதிரி வாங்க நினைப்பவர்களுக்கு

கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறைக் கண்ணாடி அலுமாரிக்குள் கற்றி சார்க் என்ற பாய்க்கப்பலின் பிளாஸ்ரிக் மாதிரி நிற்கத் தொடங்கி இது ஆறாவது ஆண்டு. ஜேர்மனியில் இருக்கும் அத்தான் 2018ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது உடுப்புகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்த பெட்டி அது, துண்டுகளை நாமே ஒட்டிக் கப்பலாக்க வேண்டும். ஒட்டி முடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. முடித்த கையோடு இதை எழுதியிருந்தால் உடலின் பலகை வரிகளையும் அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், உள்ள சிற்பத்தையும் புகழ்ந்திருப்பேன். ஐந்து மாரியையும் ஐந்து கோடையையும் அந்த மாதிரியோடு கழித்த பிறகு, பாய்க்கப்பல் பெட்டியை அதன் பாய்மரங்களையும் கயிறுகளையும் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும், மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அளவு. கற்றி சார்க் 1869ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் நீரில் இறக்கப்பட்ட தேயிலைக் கப்பல். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தால் அதன் முழு நீளம் 280 அடி. பெட்டியில் 1/96 என்று எழுதியிருந்தால் உண்மைக் கப்பலின் ஓர் அடி மாதிரியில் எட்டில் ஓர் அங்குலம். ஆகவே முடிந்த மாதிரி 35 அங்குலம் இருக்கும். அதே கப்பல் 1/350 அளவில் பத்து அங்குலத்துக்கும் குறைவு. இந்தக் கணக்கை எல்லாரும் போடுவார்கள், நானும் போட்டேன். நான் மறந்தது பாய்களைத் தாங்கும் குறுக்குமரங்களை. கப்பலின் உடல் 36 அடி அகலமே ஆனாலும் நடு மரத்தின் மிகக் கீழுள்ள குறுக்குமரம் அதன் இரு மடங்கிலும் நீளமானது. ஒன்பது அங்குல ஆழமுள்ள எங்கள் அலுமாரியின் கதவு மூடாமல் போக, தச்சரைக் கூப்பிட்டு முன்பக்கத்தை நீட்டிக் கட்ட வேண்டியதாயிற்று.

இனிக் கயிறு. உண்மையான கற்றி சார்க்கில் ஏறக்குறைய 11 மைல் நீளமான கயிறும் கம்பியும் உண்டு. மாதிரியில் அதன் சிறு பங்கே வருகிறது என்றாலும், என் இரண்டு ஆண்டு உழைப்பில் பாதிக்கு மேல் நூல் கட்டுவதிலேயே போனது. அந்த வேலையில் எனக்குக் குறையே இல்லை, அதைப் போல மனம் ஒன்றிய வேலை எனக்கு வேறு வாய்த்ததும் இல்லை. கட்டிய நூல் பின்னர் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் அறியாதிருந்தேன். பெட்டியோடு வந்தது பருத்தி நூல். பருத்தி ஈரத்தை உறிஞ்சினால் இழைகள் பருத்து நூல் குறுகும், காய்ந்தால் மீண்டும் தொய்யும். முதலாம் ஆண்டு மாரியில், மழை விடாமல் பெய்த கார்த்திகையில், எல்லா நூலும் வீணை நரம்பைப் போல இறுகி, முன்மரத்தின் மேற்பகுதியைப் பின்னோக்கி வளைத்துவிட்டது. பங்குனி வெயிலில் நூல்கள் தொய்ந்த பிறகும் வளைந்த பிளாஸ்ரிக் நிமிரவில்லை.

ஆகவே பெட்டி வாங்குபவர், பாய்மரத் துண்டுகள் எவ்வளவு தடிப்பானவை, அவற்றின் நடுவே உலோகக் கம்பி செருக இடம் உண்டா என்பதை எப்படியாவது கேட்டறிய வேண்டும். மெல்லிய மேல்மரங்களைப் பிளாஸ்ரிக்கில் விடுவதைவிட, மூங்கிலைச் சீவியோ பித்தளைக் கம்பியிலோ நாமே செய்துகொள்வது மேல். நான் மூன்றாம் ஆண்டில் முன்மரத்தை முழுவதும் கழற்றி, பித்தளைக் கம்பி செருகி, தையற்கடையில் விற்கும் பொலியெஸ்ரர் நூலால் மறுபடி கட்டினேன். அதன் பிறகு மூன்று மாரி போய்விட்டது, ஒரு நூலும் அசையவில்லை. குருநகரில் வலைச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய நைலோன் நூலையும் முயன்று பார்த்தேன். அது இழுபடும்.

நூலின் நிறத்தைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர், வல்வெட்டித்துறையில் சிறு வயதில் பாய்க்கப்பல்களைக் கண்ட எங்கள் அயலவர் ஒருவர். நான் எல்லா நூலையும் கறுப்பாகவே கட்டியிருந்ததைப் பார்த்து, "மரத்தைப் பிடிச்சு நிக்கிற கயித்துக்குத்தான் தம்பி தார். இழுக்கிற கயித்துக்குப் பூசமாட்டினம், கப்பியிலை ஓடாது" என்றார். மேலைநாட்டுக் கப்பல்களுக்கும் அதே முறைதான். இரண்டாம் முறை கட்டியபோது நிற்கும் கயிறுகளைக் கறுப்பிலும் ஓடும் கயிறுகளை வைக்கோல் நிறத்திலும் கட்டினேன். கப்பலே வேறாகத் தெரிந்தது.

பாய்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மெல்லிய பிளாஸ்ரிக் தாளை அச்சில் அழுத்தி எடுத்த பாய்கள் என்னுடையவை. நாலாம் ஆண்டில் மஞ்சளித்து ஓரம் வெடித்ததால் அவற்றை எடுத்துவிட்டேன். பாயில்லாமல் கயிறுகள் தெளிவாகத் தெரிகின்றன, அதுவே எனக்கு நிறைவு.

ஆனால் அடிப்பகுதியின் நிறத்தில் கவனம் வேண்டும். வழிகாட்டித் தாள் செம்பு நிறம் பூசச் சொன்னது, நானும் பூசினேன். கற்றி சார்க்கின் நீர்மட்டத்துக்குக் கீழே பொதியப்பட்டது தனிச் செம்பு அன்று. ஏறக்குறைய 60 வீதம் செம்பும் 40 வீதம் துத்தநாகமும் சேர்ந்த மஞ்சள் உலோகம், பார்வைக்குப் பித்தளை. இலண்டனின் கிரீன்விச்சில் இன்று நிற்கும் கப்பலின் படத்தைப் பார்த்தால் அந்தப் பொன்னிறம் விளங்கும். பூசுவதற்கு முன் உண்மைக் கப்பலின் படங்களைத் தேடிப் பார்ப்பது நல்லது.

மாரியில் வேகப்பசையால் ஒட்டினால் ஈரக்காற்றில் சுற்றுப்புறம் வெண்மையாகப் பூக்கும். நிறம் தெளிக்கும் வேலையையும் அந்த மாதங்களில் தவிர்க்கலாம். சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் புழுதி தாங்காது. நூல் கட்டிய கப்பலைத் துடைக்க முடியாது என்பதால், கண்ணாடி அலுமாரிக்கு இடமில்லாத வீட்டில் பெரிய மாதிரியை வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். மேற்கு யன்னலுக்கு எதிரேயும் வைக்கக்கூடாது. கறுப்பு உடல் வெயிலை வாங்கி, என் கப்பலின் அடிப்பொருத்து ஒருமுறை மயிரிழை அளவு விலகியது.

முதற்பெட்டியாக விக்ரரி என்ற போர்க்கப்பலை வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். 1765இல் நீரில் இறங்கி 1805இல் திரபல்கார் போரில் பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனைச் சுமந்த அந்தக் கப்பலின் மேல் எனக்கும் பெரும் மதிப்பு உண்டு. ஆயினும் அதில் 104 பீரங்கிகள். ஒரே வேலையை நூற்றுநாலு முறை செய்யும் பொறுமை வந்த பிறகு அதைத் தொடுவது நல்லது. தொடங்குபவருக்கு இரண்டு பாய்மரம் உள்ள கப்பலே ஏற்றது. மூன்று மரக் கப்பலின் எல்லாப் பாடமும் அதில் உண்டு, நூல் வேலை மட்டும் குறைவு.

இரண்டு பாய்மரம் என்றால் எங்கள் மனதில் முதலில் வருவது வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, நம்மவர்கள் செலுத்த 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணிதான். அவளுக்கென்று பெட்டி எதுவும் நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. ஆகவே அத்தானிடம் இம்முறை இரண்டு மரமுள்ள ஒரு பெட்டியைச் சொல்லி வைத்திருக்கிறேன். அதன் உடலை மட்டும் வைத்துக்கொண்டு, மரங்களைப் பித்தளையிலும் மூங்கிலிலும் புதிதாகச் செய்து, அயலவர் ஐயா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல அன்னபூரணியின் கயிறுகளைக் கட்டப் போகிறேன். பித்தளைக் கம்பியும் நாலு கட்டைப் பொலியெஸ்ரர் நூலும் ஏற்கெனவே வாங்கியாயிற்று.