கடைசிக் காலை எந்தப் பீட்டருக்கு?

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கையில் மிஞ்சியது ஒரே ஒரு காலை. இந்த ஊரை ஆக்கிய ரஷ்யப் பேரரசர் மகா பீட்டரின் சிலைகளை ஒரு சுற்று பார்த்தாயிற்று. திரும்பவும் எதன் முன்னால் போய் நிற்பது என்பதுதான் கேள்வி. நேவா கரையில் பீட்டர் குதிரைமேல் இருக்கும் ‘வெண்கலக் குதிரைவீரன்’ சிலையை விட்டுவிட்டு, ஆற்றைத் தாண்டி பீட்டர்-பால் கோட்டைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பீட்டரிடம் போனேன்.

குதிரைவீரனின் பெருமை ஊரறிந்தது. பேரரசி இரண்டாம் காதரின் வைத்தது, சிற்பி ஃபால்கொனே வடித்தது, 1782இல் திறந்தது. எனக்குச் சிலையைவிட அதன் பீடம்தான் பிரமிப்பு. ஊருக்கு வெளியே லக்தாவில் கிடந்த பெரும் பாறையை, உறைந்த தரையில் வெண்கல உருண்டைகள்மேல் உருட்டி, பிறகு நீர்வழியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாறைதான் குறையும்கூட. பேரரசர் அவ்வளவு உயரத்தில் இருக்கிறார். கீழே நிற்பவருக்குக் குதிரையின் வயிறும் நீட்டிய கையும்தான் நன்றாகத் தெரிகின்றன.

மாஸ்கோவில் சிற்பி செரெத்தேலி 1997இல் நிறுத்திய பீட்டர் 98 மீட்டர். ஆற்றில் படகில் போகும்போது பார்த்ததோடு சரி, அருகில் போகவில்லை. ஆகவே அதைப் பற்றி அதிகம் பேச எனக்கு உரிமையில்லை. மாஸ்கோவிலிருந்து தலைநகரையே பெயர்த்துக்கொண்டு போனவருக்கு அங்கே அத்தனை பெரிய சிலை எதற்கு என்ற கேள்வி மட்டும் மனதில் நின்றுவிட்டது.

என் முடிவுக்குக் காரணம் முகம். ஒருவரை நினைவுகூர வைத்த சிலையில் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடிய வேண்டும். சிற்பி ஷெம்யாகின் செய்து 1991இல் கோட்டையில் வைத்த சிலையில் அது முடிகிறது. பீடம் தாழ்வு. உடலைப் பெரிதாக்கியவர், தலையைச் சிறியதாகவே விட்டிருக்கிறார். மொட்டைத் தலை, விக் இல்லை. முதலில் பார்க்கும்போது ஏதோ பிசகிவிட்டதுபோலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வந்தவர்கள் தொட்டுத் தொட்டு விரல்கள் மட்டும் பொன்னாக மின்னுகின்றன.

அந்த முகம் கற்பனையில் பிறந்ததல்ல. 1719இல் பீட்டர் உயிரோடிருந்தபோதே சிற்பி ரஸ்த்ரெல்லி அவர் முகத்தில் பிளாஸ்டர் பூசி எடுத்த அச்சிலிருந்து வந்தது. அந்த ஆண்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1718இல், அவருடைய மகன் அலெக்ஸி இதே கோட்டையில், சித்திரவதைக்குப் பிறகு, மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதியாக இறந்துபோனான். மகனை அந்தக் கதிக்கு ஆளாக்கிய தகப்பனின் முகம், ஓராண்டு கழித்து எப்படி இருந்ததோ அப்படியே இங்கே இருக்கிறது. பாய்கிற குதிரைமேல் ஊரை ஆக்கிய பேரரசர் மட்டுமே தெரிகிறார். இந்த நாற்காலியில் அந்தத் தகப்பனும் உட்கார்ந்திருக்கிறார்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் குதிரைவீரனே மேல். சுற்றிலும் விசாலமான இடம், காலடியில் மிதிபடும் பாம்பைத் தேடிப் பார்க்கலாம். பனிக்காலத்தில் எது நன்றாக இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் போனது கோடையில்.

கோட்டைக்குப் போனால் சிலையோடு திரும்பிவிட வேண்டாம். பக்கத்திலேயே தேவாலயம். உள்ளே பீட்டரின் கல்லறையில் பூ வைத்திருப்பார்கள். அலெக்ஸியைப் புதைத்தது மணிக்கூண்டுப் படிக்கட்டுக்கு அடியில்.