கல்லூரி நூலகத்தில் கேட்டலாக்: நாமே எழுதுவதா, இறக்கிக்கொள்வதா, வெளியே விடுவதா?

புதுப் புத்தகக் கட்டு வந்து இறங்கியதும் வாசகர் கண்ணில் படாத வேலை ஒன்று தொடங்குகிறது. பில்லைச் சரிபார்க்க வேண்டும், அக்ஸஷன் எண் (நூலகப் பதிவேட்டு எண்) போட வேண்டும், பகுப்பு எண் கொடுத்து, கேட்டலாக் பதிவு எழுதி, முதுகில் லேபிள் ஒட்ட வேண்டும். இதையெல்லாம் செய்யும் டெக்னிக்கல் செக்‌ஷனில் பல கல்லூரிகளில் இன்று ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள். அதனால் பதிவை யார் எழுதுவது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலப் பாடநூல்களுக்கு இன்னொரு நூலகம் எழுதிய பதிவை இறக்கிக்கொள்ளலாம். தமிழ் நூல்களுக்கும் கல்லூரியின் சொந்த வெளியீடுகளுக்கும் நாமே உட்கார்ந்து எழுத வேண்டும். மொத்தமாக வெளியாரிடம் விடுவதை, வேறு வழியே இல்லாதபோது மட்டும் யோசிக்கலாம்.

இறக்கிக்கொள்ளும் வழியைப் பார்ப்போம். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஹென்ரியட் ஆவ்ராம் 1960களில் உருவாக்கிய மார்க் வடிவம்தான், அதாவது கேட்டலாக் பதிவைக் கணினி படிக்கும்படி எழுதும் முறைதான், இதற்கு அடித்தளம். ஒஹாயோவில் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு 1971இல் கணினிவழிக் கூட்டு கேட்டலாக்கைத் தொடங்கியது. ஒரு நூலகம் எழுதியதை மற்ற நூலகம் எடுத்துக்கொள்வது அதன்பின் வழக்கமாயிற்று. அதே ஓசிஎல்சி 2015இல் கேட்டலாக் அட்டை அச்சிடுவதையே நிறுத்திவிட்டது. இன்று கோஹா என்ற நூலக மென்பொருளில், பிற நூலகங்களின் பதிவைத் தேடி எடுக்கும் இசட்39.50 தேடலைத் திறந்து ஐஎஸ்பிஎன் எண்ணை அடித்தால், எந்திரவியல் பாடநூல் ஒன்றின் பதிவு சில நொடிகளில் வந்து விழுகிறது. ட்யூயி முறையில் போட்ட பகுப்பு எண்ணும், நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள் தலைப்பும் உள்ளேயே இருக்கும். இதை மறுபடியும் கையால் தட்டுவது வீண் உழைப்பு. பதிப்பும் ஆண்டும் நம் கையில் இருக்கும் இந்தியப் பதிப்போடு பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

தமிழ் நூலுக்கு இதே வழியில் போனால்தான் சிக்கல். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1962 முதல் தில்லி அலுவலகம் வழியாகத் தமிழ் நூல்களை வாங்கிவருகிறது. ஆகவே பதிவுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பல ரோமன் எழுத்தில் மட்டுமே இருக்கும். அந்த முறையில் 'ச'வுக்கு ஆங்கில 'சி', 'ழ'வுக்கு அடிக்கோடிட்ட 'எல்'. 'சோழர்' என்ற சொல் மேற்கோடும் அடிக்கோடுமாக எழுதப்பட்டிருக்கும். கோடுகளைத் தள்ளிவிட்டால் 'கோலர்' என்று படிக்கத் தோன்றும் ஐந்து எழுத்துகள்தான் மிஞ்சும். சோழர் வரலாறு தேடும் முதுகலை மாணவி அதை ஒருபோதும் அடிக்கப்போவதில்லை. மூல எழுத்தைச் சேர்த்து வைக்க மார்க்கில் 880 என்ற புலம் (தகவலை நிரப்பும் இடம்) இருக்கிறது. இறக்கிய பதிவில் அது காலியாக இருந்தால், நாம் நிரப்பும்வரை அந்தப் புத்தகம் அலமாரியில் இருந்தும் இல்லாத கணக்குதான்.

பெயரிலும் இதே பாடு. மு.வ., மு. வரதராசன், டாக்டர் மு. வரதராசனார் என மூன்று விதமாகவும் முகப்புப் பக்கங்களில் வரும். மூன்றும் ஒருவரே என்று கணினிக்குச் சொல்லிவைக்கும் ஆசிரியர் பெயர்க் கோப்பு இல்லாவிட்டால், தேடுபவருக்கு மூன்று ஆட்கள் கிடைப்பார்கள். முகப்பில் 'திருவள்ளுவர் ஆண்டு 2050' என்று மட்டும் போட்டிருந்தால், 31ஐக் கழித்து 2019 என்று எழுத ஒருவர் வேண்டும். கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதிகளில் நிலைமை இன்னும் மோசம். பதிப்பாசிரியர் பெயரோடு பதிவை முடித்துவிட்டால், உள்ளே இருக்கும் அத்தனை கட்டுரைகளும் யார் கண்ணிலும் படாது. 505 புலத்தில் உள்ளடக்கத்தை அடித்துவிட்டால் அதே தொகுதியை மாணவர்கள் தேடி வருவார்கள். ஒரு தொகுதிக்கு ஒரு மணி நேரம் போகலாம். போகட்டும், அந்த நேரத்தைத்தான் ஆங்கிலப் பாடநூல்களில் மிச்சம் பிடித்திருக்கிறோமே.

இந்த வகை உழைப்புக்கு நம் ஊரில் பெரிய முன்னுதாரணம் உண்டு. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். இலக்கியத்துக்கு மொழி, வடிவம், ஆசிரியர் என்று படிப்படியாக எண் கட்டும் முறை அது. ஆசிரியரின் பிறந்த ஆண்டே எண்ணின் பகுதியாகும். ட்யூயியில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811க்குள் நெருக்கியடித்து நிற்கிறது. கோலனுக்கு எல்லோரும் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது இனி நடக்காது. ஆனால் தமிழ் அலமாரிக்கு ட்யூயி எண்ணை மட்டும் நம்பாமல் நூலாசிரியர் குறியைக் கவனமாகப் போட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மூன்றாவது வழி, வேலையை வெளியே விடுவது. மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் புத்தகம் லேபிளோடும் பதிவோடும் அலமாரிக்குத் தயாராகவே வந்து இறங்கும். வசதிதான். ஆனால் அந்த வசதி யார் கையில் இருக்கிறது என்பதை இந்த இரண்டு மூன்று வருடங்களே காட்டிவிட்டன. 1828 வரை வேர் கொண்ட, நூலகங்களுக்குப் புத்தகம் விற்றுவந்த அமெரிக்காவின் பேக்கர் அண்ட் டெய்லர் நிறுவனம் கடையை மூடுவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. அதை நம்பியிருந்த நூலகங்கள் புத்தகத்துக்கும் பதிவுக்கும் அவசரமாக வேறு ஆளைத் தேட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு பிப்ரவரியில், நூலகங்களுக்கு மின்னூல்களும் மென்பொருளும் விற்கும் கிளாரிவேட் நிறுவனம், நூல்களை ஒருமுறை விலை கொடுத்து நிரந்தரமாக வாங்கும் முறையையே கைவிடப்போவதாகச் சொன்னது. நூலகர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் கெடுவைத் தள்ளிவைத்தது. ஆல்மா என்ற பெரிய நூலக மென்பொருளும் அதன் கையில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் வெளியே விடுவது வேறு மாதிரி நடக்கிறது. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் நாக் அமைப்பின் குழு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், பழைய அக்ஸஷன் ரெஜிஸ்டரைக் கணினியில் ஏற்ற 'புத்தகத்துக்கு இவ்வளவு' என்று ஒப்பந்தம் போடுவார்கள். நூலகம் தானியங்கியாகிவிட்டதா என்று நாக் கேட்கிறது. பதிவு சரியாக இருக்கிறதா என்று கேட்பதில்லை. விளைவு, ஆசிரியர் இடத்தில் பதிப்பகத்தின் பெயர் உட்கார்ந்திருக்கும். இதைவிடக் கொடுமை, தமிழ்த் தலைப்புகளைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்திருப்பது. அன்று திரையில் அழகாகத் தெரிந்தது, மென்பொருளை மாற்றும் நாளில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டுமானால் யூனிகோடு, மார்க் 21 இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். முதல் நூறு பதிவுகளைப் புத்தகத்தைக் கையில் வைத்துச் சரிபார்த்த பிறகே பணத்தை விடுங்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு நடைமுறைப் போட்டி சோலுக்கும் கோஹாவுக்கும்தான். சோல், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் என்ற மத்திய அரசு மையத்தின் தயாரிப்பு. 2000இல் தொடங்கி 2021இல் 3.0 பதிப்புக்கு வந்தது. காசு கொடுத்து வாங்கினால், சிக்கல் வரும்போது கேட்க ஒரு அரசு அமைப்பு இருக்கிறது. கோஹா நியூசிலாந்தில் பிறந்த கட்டற்ற மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை, உலாவியிலேயே இயங்கும். ஆனால் லினக்ஸ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கணினித் துறையில் கைகொடுக்க ஆள் இருக்கும் கல்லூரிக்குக் கோஹாவைத்தான் சொல்வேன். யாருமே இல்லாத இடத்தில் சோல் போதும். எதை எடுத்தாலும், முழுப் பதிவுகளையும் மார்க் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் வாரத்திலேயே செய்து பாருங்கள்.

இதழ்களின் கதை வேறு. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள் அதில் அடக்கம். அத்திட்டத்துக்குள் வரும் அரசு நிறுவனங்களில், அந்த இதழ்களுக்குத் தனியாகச் சந்தா கட்டி வந்த வேலை குறைகிறது. மாணவர் வீட்டிலிருந்தும் திறக்க முடிகிறதா, இணைப்பு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதே டெக்னிக்கல் செக்‌ஷனின் புதிய வேலை. செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். லைப்ரரி ஆஃப் காங்கிரஸே 2022 முதல் அதைச் சோதித்து வருகிறது. தலைப்பும் ஆசிரியரும் எடுக்க வருகிறது, பொருள் தலைப்பு கொடுப்பதில் தடுமாறுகிறது. தமிழ்ச் சிறு பதிப்பக நூலை அதன் கையில் விட்டுவிட இன்னும் காலம் வரவில்லை.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களின் தமிழ்ப் பட்டியலை இணையத்தில் ஒத்துப்பார்த்துப் பெயர்களையும் ஆண்டுகளையும் திருத்திக்கொள்ளலாம். ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகள் தமிழ்ப் பதிப்பகங்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, ஆளுக்குச் சில பதிப்பகங்களின் நூல்களுக்கு முழுப் பதிவு எழுதலாம். மார்க் கோப்பை மாதம் ஒருமுறை பரிமாறிக்கொண்டால், கோஹா வைத்திருப்பவரும் சோல் வைத்திருப்பவரும் அதை அப்படியே ஏற்றிக்கொள்ளலாம்.