மேசா பூகி டூயல் ரெக்டிஃபையர்: முணுமுணுப்புக்கும் அலறலுக்கும் நடுவே ஒரு ஆம்ப்

நூ-மெட்டல் (1990களில் எழுந்த கனமான ராக் வகை) பாட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பவை இரண்டே நிலைகள்தான். சரணத்தில் அடக்கி வைத்த குரல், பல்லவியில் அடக்க முடியாமல் போன குரல். மெதுவாகத் தொடங்கிச் சட்டென்று வெடிப்பது ராக் இசைக்குப் புதிதல்ல. ஆனால் பழைய கன இசையில் கோபம் பெரும்பாலும் போர், சாவு, பேய் என்று வெளியே பார்த்துக் கத்தும். இங்கே அது ஆளின் உடம்புக்குள்ளேயே கிடக்கிறது. பள்ளியில் பட்ட கேலியைப் பாடகர் ஜோனதன் டேவிஸ் தன் கார்ன் குழுவின் 1994 ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் பாடியது அந்த வகை. எனவே சத்தம் மாறுகிற அந்த நொடியில்தான் பாட்டின் பொருளே இருக்கிறது. கிட்டார்காரர் அந்த நொடியை ஆம்ப்பின் ஒலியை மாற்றும் கால் சுவிட்சில் மிதிக்கிறார். மேசா பூகி நிறுவனத்தின் கிட்டார் ஆம்ப்பான (ஒலிபெருக்கி) டூயல் ரெக்டிஃபையரை எடைபோட அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பல்லவிக்கு இதைப் போல இன்னொன்று கிடைப்பது அரிது. சரணத்துக்குப் பரவாயில்லை. இரண்டுக்கும் நடுவே வரும் அமைதிக்கு வெளியிலிருந்து உதவி தேவை.

கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் ராண்டால் ஸ்மித் வடிவமைத்து, 1990களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த ஆம்ப் இது. பவர் பகுதியில் நான்கு 6எல்6 டியூப்கள் (வெற்றிடக் குழாய்கள்), 100 வாட். முன்பகுதியில் ஐந்து 12ஏஎக்ஸ்7. பெயரில் 'டூயல்' (இரட்டை) வரக் காரணம், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் ரெக்டிஃபையர் இதில் இரண்டு வகை: சிலிக்கான் டயோடு ஒன்று, ஒரு ஜோடி 5யூ4 டியூப் இன்னொன்று. இது விளம்பர ஜோடனை அல்ல, விரலுக்கே தெரியும். கம்பியை ஓங்கி அடிக்கும்போது டியூப் ரெக்டிஃபையரில் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து மீள்கிறது, அடியின் முனை மழுங்குகிறது. டயோடில் சரிவு குறைவு, அடி அப்படியே விழும். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும் ரிஃப்புக்கு (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) டயோடும், பின்பக்கச் சுவிட்சில் 'போல்ட்' நிலையும்தான் சரி. 'ஸ்பாஞ்சி' நிலை மின்னழுத்தத்தைக் குறைக்கும். தனிச்சுரம் வாசிக்க அது சுகம், நறுக்கென்ற ரிஃப்பைக் கஞ்சியாக்கிவிடும்.

மூன்று சேனல் (கால் சுவிட்சால் மாற்றும் தனித்தனி ஒலி அமைப்பு) மாடலில் முதல் சேனல் சுத்தமான ஒலிக்கு. மற்ற இரண்டிலும் 'ரா', 'விண்டேஜ்', 'மாடர்ன்' என மூன்று நிலைகள். நூ-மெட்டலின் அந்தச் சுவர் 'மாடர்ன்' நிலையில்தான் எழுகிறது. பவர் பகுதியின் எதிர்மறைப் பின்னூட்டம் (வெளியே போகும் ஒலியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி அடக்கும் ஏற்பாடு) அங்கே விலக்கப்படுவதால் அடிச்சுரமும் உச்சிச்சுரமும் கட்டில்லாமல் பாய்கின்றன. லிங்கின் பார்க்கின் 2000 ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் கிட்டார்காரர் பிராட் டெல்சன் வாசித்ததும் இந்த ஆம்ப் குடும்பத்தைத்தான்.

புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடமும் இதுதான். கெயினையும் (ஒலியை முறுக்கும் அளவு) பேஸையும் (அடிச்சுரம்) ஏற்றி மிட்டை (நடுச்சுரம்) இறக்கிவிட்டு, "குழுவோடு வாசித்தால் கிட்டாரே கேட்கவில்லை" என்று புலம்புவார்கள். இந்தச் சுற்றில் டோன் குமிழ்கள் கெயின் கட்டங்களுக்குப் பிறகுதான் வருகின்றன. தடித்த கம்பியின் அடிச்சுரம் முதலில் முழுதாக டிஸ்டார்ஷனுக்குள் (ஒலிச் சிதைவு) போய்க் குழம்பிவிடும், அதற்கப்புறம் பேஸ் குமிழைக் குறைத்தாலும் குழப்பத்தின் அளவுதான் குறையும். ட்ரெபிளின் (உச்சிச்சுரம்) ஆதிக்கமும் அதிகம். குமிழைக் கடிகார முள்ளாக நினைத்து, அதை 2 மணிக்கு மேல் திருப்பினால் மிட்டும் பேஸும் பெயருக்குத்தான் இருக்கும். நல்ல தொடக்கம்: கெயின் 12 முதல் 1 மணி, ட்ரெபிள் 12, மிட் 11, பேஸ் 10, பிரசென்ஸ் (உச்சியின் கூர்மை) 9. கெயின் 2 மணியைத் தாண்டினால் கனம் கூடாது. நெரிசலும் மணல் உரசுவது போன்ற இரைச்சலும்தான் கூடும்.

குழப்பத்துக்கு மருந்து ஆம்ப்புக்கு முன்னால் இருக்கிறது. டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல் (கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே காலடியில் வைக்கும் பெட்டி), டிரைவ் 0, லெவல் முக்கால்வாசிக்கு மேல், டோன் நடுவில். அந்தப் பெடல் ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதற்குக் குறைவாகவே கெயின் தருவதால் ஆம்ப்புக்குள் நுழையும் அடிச்சுரம் மெலிகிறது. ஆனால் ஒரேயடியாக இறுக்கிவிடாதீர்கள். நூ-மெட்டலுக்குக் கொஞ்சம் தொளதொளப்பு வேண்டும். கார்ன் குழுவின் ஏழு கம்பிக் கிட்டார்கள் ஒரு முழுச்சுரம் இறக்கி, ஏ-டி-ஜி-சி-எஃப்-ஏ-டி என்று சுருதி சேர்க்கப்படுபவை. தடித்த கம்பி 55 ஹெர்ட்ஸ். 25.5 அங்குலக் கம்பி நீளத்தில் அது .060 அங்குலத்துக்கும் மெலிந்ததாக இருந்தால் ஓங்கி அடித்தவுடன் சுருதி மேலே ஓடும், அந்தக் கோளாறை எந்த ஆம்ப்பும் மறைக்காது. அவ்வளவு கீழே கிட்டார் இறங்கிய பிறகு பேஸ் கிட்டாருக்கு என்ன இடம்? கார்ன் குழுவின் ஃபீல்டியுடைய பேஸ் கிட்டார் சொடக்குப் போடுவது போல மேலே 'டக் டக்' என்று ஒலிப்பதில்தான் விடை. நடுப்பகுதியைக் கிட்டாருக்கு விட்டுவிட்டு அது ஆழத்தையும் சொடக்கையும் எடுத்துக்கொள்கிறது.

இனி அமைதி. இந்த வகை ரிஃப்பில் இரண்டு அடிகளுக்கு நடுவே வரும் வெற்றிடமும் ஒரு அடிதான், அங்கே 'ஸ்ஸ்' என்று இரைந்தால் ரிஃப் செத்தது. நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது ஒலியை அடைத்துவிடும் கருவி) இல்லாமல் ஓடாது. கேட்டை எஃபெக்ட்ஸ் லூப்பில் (முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவே கருவிகளை இணைக்கும் வழி) போட்டு, கிட்டாரின் நேர் சிக்னலைக் கொண்டு திறக்க வைப்பது நல்லது. பழைய மாடல்களில் லூப் இணைச் சுற்று, அதாவது ஒலியின் ஒரு பங்கு லூப்பைச் சுற்றிக்கொண்டும் போகும் என்பதை மறந்துவிடுவார்கள். மிக்ஸ் குமிழ் குறைவாக இருந்தால் கேட் மூடிய பிறகும் இரைச்சல் பக்கவழியாக வந்துகொண்டே இருக்கும். பின்னால் வந்த மல்டி-வாட் மாடலில் லூப் தொடர்ச் சுற்றாகிவிட்டதால் அந்தத் தொல்லை இல்லை.

சரணத்தின் சுத்த ஒலி பழைய இரண்டு சேனல் மாடலில் மந்தம். மூன்று சேனல் மாடலில் அது மேலானது; கோரஸ், டிலே (ஒலியைத் தடிப்பாக்கும், எதிரொலிக்க வைக்கும் எஃபெக்டுகள்) சேர்த்தால் போதும். சேனல் மாஸ்டர்களை (ஒவ்வொரு சேனலின் சத்த அளவுக் குமிழ்) வைப்பதில்தான் பாட்டு நிற்கும் அல்லது விழும். பல்லவி 3 முதல் 4 டெசிபல் உயர்ந்தால் வெடிப்பு கேட்கும். அதற்கு மேல் போனால் பாடகரின் சொல் மூழ்கும். கத்தல் மட்டும் கேட்டு, எதற்குக் கத்துகிறார் என்று தெரியாமல் போகும்.

வீட்டு அறைக்கு இது ஆகாது. மெல்ல வைத்தால் இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும், பவர் டியூப்கள் உழைக்கத் தொடங்கியபின்தான் அடி வருகிறது. மல்டி-வாட்டின் 50 வாட் சுவிட்ச் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம், பாதி வாட் என்றால் 3 டெசிபல்தான் குறையும். பதிவுக்கு விண்டேஜ் 30 ஸ்பீக்கர்கள் உள்ள 4x12 கேபினெட், அதன் முகப்புத் துணியிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. தள்ளி, கூம்பின் நடுமூடி முடியும் விளிம்பில் ஒரு எஸ்எம்57 மைக். ஒரே ரிஃப்பை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடமும் வலமும் முழுதாகப் பிரிக்க வேண்டும். ஒரே பதிவை நகலெடுத்து வைத்தால் அகலம் வராது.

டியூப் மாற்றும்போது இதில் பயஸ் (டியூப்பில் சும்மா ஓடும் மின்னோட்டத்தின் அளவு) சரிசெய்யும் திருகு கிடையாது, எனவே நிறுவனம் தரம் பிரித்து விற்கும் டியூப்களோ அதே அளவினவோதான் பொருந்தும். பின்னால் உள்ள 6எல்6 / ஈஎல்34 சுவிட்ச் டியூப்புக்கு ஏற்ற பக்கம் இருக்கிறதா என்று மின்சாரம் கொடுக்கும் முன் பாருங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

பழையதாக வாங்குகிறவர்கள் கால் சுவிட்சைக் கேட்டு வாங்குங்கள். மூன்று சேனல் மாடலில் அது பல பின் கொண்ட தனிக் கேபிளில் இயங்குகிறது, கிட்டார் கேபிள் பொருந்தாது. ஆம்ப்பைச் சூடாக்கி, சத்தமாக வைத்து, முதல் சேனலிலிருந்து மூன்றாவதுக்கு இருபது முறையாவது மிதித்துப் பாருங்கள். 'டொப்' என்ற சத்தமோ அரை நொடி ஊமையோ வந்தால் ஸ்விட்சிங் சுற்றில் கோளாறு. அதைச் சரிசெய்யும் செலவை விலையில் கழிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.